பட்டியலில் ஏறாத வீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2015 சென்னை, 2018 கேரளம், 2023 தூத்துக்குடி ஆகிய மூன்று வெள்ளங்களில் எதில் வீடுகளுக்குச் சேதம் அதிகம் என்று வரிசைப்படுத்தித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிரமப்பட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் மூன்று ஊர் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இது பெரிது அது சிறிது என்று முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நான் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன். ஒரு வீடு எப்போது ‘சேதம்’ ஆகிறது என்பது எங்கள் தொழிலில் தினமும் நடக்கிற வழக்கு.

சென்னையை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரைக் குடிசைகள் ஆற்றோடு போயின. அது சேதம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. முடிச்சூரில் தரைத்தளம் மூழ்கிய கான்கிரீட் வீட்டை எதில் சேர்ப்பது? தண்ணீர் வடிந்த பிறகு கட்டடம் நின்றது. உள்ளே மோட்டார், ஃபிரிட்ஜ், பீரோ, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் போயிற்று. கட்டடக் கணக்கில் அந்த வீட்டுக்கு நட்டம் அநேகமாகப் பூஜ்யம். அரசு அப்போது குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கு 5,000 ரூபாய் என்று குடும்பத்துக்குத்தான் கொடுத்தது. ஒரே காம்பவுண்டில் நாலு குடித்தனம் என்றால் எண்ணிக்கை நாலு.

2023 டிசம்பரிலும் இதே கதைதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி கரை மீறி ஏரல், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தீவாயின. நிவாரணம் ரேஷன் கார்டுக்கு 6,000, பாதிப்பு குறைந்த பகுதிகளில் 1,000. கார்டை எண்ணினால் கார்டுதான் கிடைக்கும், வீடு கிடைக்காது.

கேரளம் கொஞ்சம் வேறு மாதிரி செய்தது. வீட்டின் சேதத்தை விழுக்காடாகப் பிரித்தார்கள். 15 விழுக்காடு வரை 10,000 ரூபாய், 16 முதல் 29 வரை 60,000, 30 முதல் 59 வரை ஒன்றேகால் லட்சம், 60 முதல் 74 வரை இரண்டரை லட்சம், அதற்கு மேல் 4 லட்சம். இடுக்கியில் மண்சரிவோடு போன வீட்டையும், குட்டநாட்டில் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறிய வீட்டையும் ஒரே தட்டில் வைக்காமலிருக்க இது உதவியது. நம் பக்கம் கையில் இருப்பது பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறை. 2022-26 காலத்துக்கு வகுத்த கணக்கில், சமவெளியில் முழுதும் இடிந்தால் 1,20,000. பகுதி சேதம் என்றால், குறைந்தது 15 விழுக்காடாவது இருக்க வேண்டும், கெட்டி வீட்டுக்கு 6,500. சுவர் விரிந்ததற்கும் பாதிக் கூரை இறங்கியதற்கும் அதே 6,500. மாநில அரசு சில சமயம் மேலே போட்டுத் தருகிறது என்றாலும் பட்டியலில் இரண்டும் ஒரே வரிதான். இப்படிப் பிரித்து எண்ணிய ஊரையும் பிரிக்காமல் எண்ணிய ஊரையும் எப்படி ஒப்பிடுவது?

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். செட்டிநாடு வெள்ளத்துக்குப் பேர்போன சீமை இல்லை, மழை குறைந்த பூமி. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால்தான் நகரத்தார் இங்கே வந்தார்கள், அந்தப் பயத்தில்தான் வீட்டைத் தெருவிலிருந்து இத்தனை படி உயர்த்திக் கட்டினார்கள் என்று சொல்வது வழக்கம். வரலாறோ கதையோ, உயரம் உண்மை. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், விழும் மழைநீர் தெருக்கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும் ஏற்பாடும் உண்மை. (அந்தக் கால்வாய்களில் பாதியை மண் மூடிவிட்டது, அது தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம்.) அதனால் இங்கே தண்ணீர் வாசல் வழியாக வருவது அபூர்வம். கூரை வழியாக வருகிறது.

கூரையின் நாட்டு ஓடுகளைக் குரங்கு தள்ளும், காற்று நகர்த்தும். ஆள் இருக்கும் வீடு என்றால் ஓடு மாற்றுகிறவரைக் கூப்பிட்டு உடனே சரிசெய்துவிடலாம். பூட்டிய வீட்டில் ஒழுகல் கூரையின் மரச்சட்டத்தில் இறங்கி, தேக்கு உத்திரத்தின் முனையை ஊறவைத்து, சுவருக்குள் போகிறது. வெளியே சுண்ணாம்புப் பூச்சு பளபளவென்று அப்படியே இருக்கும். உள்ளே செங்கலைப் பிடித்திருக்கும் கலவை இளகியிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் ஏறிய ஈரம் தையிலோ மாசியிலோ சுவரைச் சாய்க்கும். அதற்குள் கணக்கெடுப்பு முடிந்து பட்டியலும் மேலே போயிருக்கும்.

அப்படியே ஆள் வந்து பார்த்தாலும் யார் பெயரில் எழுதுவது? ஒரே வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்காளிகள். பட்டா காலமான பெரியவர் பெயரில். ரேஷன் கார்டுகள் சென்னையில், கோவையில், சிலர் சிங்கப்பூரில். சென்னையில் ஒரு வீடு நாலாக எண்ணப்படுகிறது என்றேன். இங்கே நாற்பது பேர் வீடு ஒன்றாகக்கூட எண்ணப்படுவதில்லை.

கட்டுரையில் கஜா இடம்பெறவில்லை. புயல்தானே, வெள்ளம் இல்லையே என்று விட்டிருப்பார்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரை கடந்து புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்தது. குடிசைகளையும் தென்னைகளையும் மின்கம்பங்களையும் எண்ணினார்கள், அது நியாயமான முதல் வேலை. ஆனால் அன்றைக்கு ஓடு நகர்ந்த பெரிய வீடுகளில் அடுத்தடுத்த மழைகள் செய்த வேலையை எந்தப் பேரிடரின் பெயரில் எழுதுவது? எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

அடுத்த முறை ஒப்பீடு வெளியிடும்போது, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது கட்டடமா கார்டா என்று போடுங்கள். குடிசை, முழுதும் இடிந்தவை, பகுதி சேதம் என்று தனித்தனியாகக் கொடுங்கள். தண்ணீர் வீட்டுத் தரைக்கு மேல் எத்தனை அடி, எத்தனை நாள் நின்றது என்பதும் தெரிந்தால் எங்களைப் போன்றவர்களுக்குச் சுவரின் நிலைமை பாதி புரிந்துவிடும். வரிசை எண் இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. மழை நின்று மூன்று மாதம் கழித்து இரண்டாவது கணக்கெடுப்பு வேண்டும். படிவத்தில் பூட்டிய வீட்டுக்கும் ஒரு கட்டம் வேண்டும். எங்கள் பக்கம் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. எந்த வீட்டில் எந்தச் சுவர் ஊறியிருக்கிறது என்று ஓடு மாற்றுகிறவர்களுக்கும் சாவி வைத்திருக்கும் காவல்காரர்களுக்கும் தெரியும். பங்காளிகளுக்கு நிவாரணம் தரச் சொல்லவில்லை, அவர்களில் பலர் கேட்கவும் மாட்டார்கள். அந்தச் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருக்கும் கூலிக் குடும்பத்தை, சுவர் விழுவதற்கு முன்னால் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் ஒரு வாசகர்,
கானாடுகாத்தான்.