போகாத ஊருக்கு வழி

மைன்ஸ், ஜெர்மனி,
திங்கட்கிழமை இரவு

அன்புள்ள நண்பா,

"ஸ்ட்ராஸ்பூர்க் எப்படி, கோபுரம் ஏறினாயா?" என்று அந்தப் பிரெஞ்சு ஊரைப் பற்றிக் கேட்டிருந்தாய். போகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்றேன். வெளியே நல்ல காற்று. எங்கேயோ தண்டவாளத்தில் மரம் விழுந்துவிட்டதாம். பலகையில் முதலில் இருபது நிமிடத் தாமதம் என்று போட்டார்கள், அப்புறம் ஐம்பது. கடைசியில் என் ரயிலையே ரத்து செய்துவிட்டார்கள். அடுத்த ரயிலும் இல்லை. சனிக்கிழமை காலை வண்டி ஓடுமா என்று கேட்டேன். சீருடைக்காரர் தோளைக் குலுக்கினார், அவ்வளவுதான்.

நீ அடுத்த வருடம் வருவதாகச் சொல்கிறாய், அதனால் ஒன்றை மனதில் வை. போய்ச் சேர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், பயணத்தை விட்டுவிட்டு டிக்கெட் பணத்தை முழுதாகத் திரும்பக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் விதி அது. தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்கான நஷ்ட ஈடு வேறு. புயல் மாதிரிக் காரணம் என்றால் அது கிடைக்காமலும் போகலாம். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு கவுண்டரில் கால் மணி நேரம் வாதாடினார். எனக்கு டிக்கெட் பணம் வந்துவிடும். ஆனால் ஓட்டல் அறை, 'ரத்து செய்ய முடியாது' என்ற மலிவு வகையில் எடுத்தது. அது போனது போனதுதான். புத்தி கொள்முதல் என்று எழுதிக்கொண்டேன்.

அறைக்குத் திரும்பிக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரியாதா என்னை, திட்டம் ஒன்று உடைந்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயத்தின் 142 மீட்டர் கோபுரம், பகல் பன்னிரண்டரைக்கு அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாக வரும் அந்த வானியல் கடிகாரம், எல்லாவற்றையும் நேரம் போட்டுக் குறித்து வைத்திருந்தேன். பழக்கதோஷம், படுக்கப் போகுமுன் அந்த ஊரைப் பற்றியே இன்னும் கொஞ்சம் படித்தேன். அதில்தான் ஒரு வரி கண்ணில் பட்டது: ஐரோப்பாவில் எழுத்துக் கோத்து அச்சிடும் கலையைத் தொடங்கி வைத்த கூட்டன்பர்க் 1434 முதல் 1444 வரை இருந்தது ஸ்ட்ராஸ்பூர்க்கில்.

அவர் பிறந்தது எந்த ஊர் தெரியுமா? நான் உட்கார்ந்திருந்த இதே மைன்ஸ். அவருடைய அருங்காட்சியகம் என் அறையிலிருந்து நடக்கிற தூரம். வந்து இரண்டு மாதமாகிறது, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேறு ஏதாவது ஊருக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அச்சகம் நடத்திய உன் அப்பாவுக்குத் தெரிந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பார்.

சனிக்கிழமை முதல் வேலையாக அங்கே போனேன். புதுக் கட்டிடம் வரப்போகிறது என்று, தற்காலிகமாக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் இடம் மாற்றியிருக்கிறார்கள். அவர் அச்சிட்ட, பக்கத்துக்கு 42 வரி உள்ள பைபிளை இருட்டறை மாதிரியான இடத்தில் வைத்திருந்தார்கள். 1455 வாக்கில் அச்சிட்டு முடித்தது, சுமார் 180 பிரதிகள். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. எண்ணெய் கலந்த மை, ஐந்நூற்று எழுபது வருடமாகியும் மங்கவில்லை. வலது ஓரத்தைப் பார்த்தாயானால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அதற்காக அவர் ஒரே எழுத்தையே பல அகலங்களில் வெட்டி, கூட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் சேர்த்து, கிட்டத்தட்ட 290 வகை எழுத்துகள் வைத்திருந்திருக்கிறார். லத்தீனுக்கு! எனக்கு உங்கள் அச்சகத்தின் கேஸ், அந்த எழுத்துப் பெட்டி, ஞாபகம் வந்துவிட்டது. கியும் கீயும் குவும் கூவும் தனித்தனிக் குழியில், பார்க்காமலே அப்பாவின் கை போய்வரும். நாம் பள்ளிக்கூடம் விட்டு வந்து ணையையும் னையையும் மாற்றிப் போட்டுவிட்டு வாங்கிய திட்டு காதில் ஒலிக்கிறது.

மாதிரி அச்சு இயந்திரம் ஒன்றில் ஒரு பெண் ஒரு பக்கம் அடித்துக் காட்டினார். எழுத்து வார்க்கிற கைக்கருவியையும் காட்டினார். ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்து உருக்கி ஊற்றி, ஒரு குலுக்கு, திறந்தால் பளபளவென்று ஓர் எழுத்து. பார்த்த குழந்தைகள் எல்லாம் 'ஓ' என்றன. நான் 'ஓ' என்று சொல்லவில்லை. அந்த உருகிய ஈயத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது, வேறென்ன சொல்ல.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைத்தது வேறு கதை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்தபோது மனிதர் ஒரு வியாபாரம் தொடங்கியிருக்கிறார், சின்ன உலோக முகக்கண்ணாடிகள். ஆஹன் நகரத்தில் ஏழு வருடத்துக்கு ஒருமுறை புனிதப் பொருட்களை வெளியே எடுத்துக் காட்டுவார்கள். கூட்டம் அலைமோதும், கிட்டே போக முடியாது. தூரத்திலிருந்தே கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தால் அருள் அதில் விழும் என்று நம்பிக்கை. யாத்திரை 1439இல் என்று கணக்குப் போட்டு, கூட்டாளிகளிடம் பணம் வாங்கி வேலையை ஆரம்பித்துவிட்டார். யாத்திரையோ ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது! போட்ட பணம் முடங்கியது. கூட்டாளிகளைச் சமாதானப்படுத்த, தன்னிடம் இன்னொரு ரகசியக் கலை இருக்கிறது, அதைக் கற்றுத் தருகிறேன் என்று புது ஒப்பந்தம் போட்டார். அதில் ஒருவர் இறந்துபோக, அவருடைய சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் சாட்சியங்களில்தான் ஈயம் என்றும் அச்சு இயந்திரம் என்றும் பேச்சு அடிபடுகிறது. ரகசியம் அச்சுக்கலைதான் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். யாத்திரை தள்ளிப்போனதால்தான் அச்சு வந்தது என்று சொன்னால் கதை ஜோடனையாகிவிடும், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் ரயில் ரத்தாகி வந்து நின்றவனுக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது நிஜம்.

வெளியே வந்து பெரிய தேவாலயத்துக்கு நடந்தேன். செவ்வண்ணக் கல், மலை மாதிரி. அதைச் சுற்றிச் சனிக்கிழமைச் சந்தை. காலையிலேயே ஜனங்கள் கையில் வைன் கோப்பையோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே அது சந்தைக் காலையுணவாம். அந்தத் தேவாலயத்தை முதலில் கட்டியவர் வில்லிகிஸ் என்ற பேராயர். 1009இல், திறப்பு விழா அன்றைக்கே தீப்பிடித்து எரிந்திருக்கிறது. விழா அன்றைக்கே, யோசித்துப் பார்! மறுபடி கட்டி முடித்தது 1036இல். அவர் 1011லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். என் ஓட்டல் அறைப் புலம்பலை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இரவுதான் உறைத்தது, வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லை. ஊருக்குப் போகிறோமே என்று குளிர்பெட்டியைக் காலி செய்து வைத்திருந்தேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சட்டமே அப்படி. வந்த புதிதில் இதற்காக நான் திட்டாத நாள் இல்லை. இப்போது பிடிக்க ஆரம்பித்துவிட்டது, தெருவே அடங்கிக் கிடக்கும். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆக, என்னைக் கைவிட்ட அதே நிலையத்துக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தேன்.

ஞாயிறு காலை இன்னொரு வேடிக்கை. அக்டோபர் கடைசி ஞாயிறு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிற நாள். பாழாய்ப் போனது என்று நினைத்த வார இறுதிக்கு ஒரு மணி நேரம் இனாம். நான் தூங்கியே அதைச் செலவழித்தேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

மதியம் ஸ்டெஃபான் தேவாலயம், மேட்டின் மேல். உள்ளே போனதும் தண்ணீருக்கு அடியில் நிற்கிற மாதிரி இருந்தது. ஜன்னல் முழுக்க நீலம். மார்க் ஷகால் செய்தவை. அவர் யூதர், நாஜிகள் காலத்தில் பிரான்சை விட்டுத் தப்பி ஓடியவர். போரில் சிதைந்து திரும்பக் கட்டிய இந்தக் கோயிலுக்கு, முதல் ஜன்னலைக் கொடுத்தபோது அவருக்கு 91 வயது. ஆண்டு 1978. 1985இல் இறக்கும் வரைக்கும் ஒன்பது ஜன்னல்கள். மேகம் விலகும்போதெல்லாம் தரையில் நீலம் நகர்ந்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு படம்கூட எடுக்கவில்லை. எடுத்தால் உனக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அதில் ஒன்றும் தெரியாது. வில்லிகிஸை இங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது.

திரும்பி வரும்போது தெருப்பலகைகளைக் கவனித்தேன். சில சிவப்பு, சில நீலம். கேட்டால், ரைன் நதியைப் பார்த்துப் போகிற தெருவுக்குச் சிவப்பு, நதிக்கு இணையாக ஓடுகிற தெருவுக்கு நீலம். இரண்டு மாதமாக கைபேசியில் வரைபடம் பார்த்தே நடந்தவன் நான்! அதோடு போகவில்லை. தினமும் அலுவலகத்துக்கு நான் இறங்குகிற நிலையத்தின் பெயர் 'ரோமானிய அரங்கம்'. வெறும் பெயர் என்று நினைத்திருந்தேன். நடைமேடையை ஒட்டியே, வேலிக்கு அந்தப் பக்கம், பத்தாயிரம் பேர் உட்கார்ந்த அரங்கத்தின் இடிபாடு கிடக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ரோமானியர் கட்டியதில் பெரியது அதுதானாம். இன்று காலை இறங்கியதும் அங்கேயே நின்று பார்த்தேன், அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதம்.

சரி, என் புராணம் போதும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊசி வேண்டாம் என்று அடம் பிடிப்பதாக உன் மனைவி எழுதியிருந்தார், அவர் பக்கம்தான் நான். காலால் மிதித்து அச்சடிக்கும் அந்தப் பழைய டிரெடிலை எடைக்குப் போடப் போவதாகச் சொன்னாயே, போட்டுவிட்டாயா? போடவில்லை என்றால் நான் வரும்வரை பொறு. இடம் அடைக்கிறது என்பது தெரியும், இருந்தாலும் பொறு.

இதோடு ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். அங்கே பார்வையாளர்களும் எழுத்துக் கோக்கலாம் என்றார்கள். தமிழ் எழுத்து இல்லை, ஆங்கில எழுத்தில்தான். உன் அப்பாவின் பெயரைக் கோத்தேன். ஒரு n தலைகீழாய் நின்று u ஆகிவிட்டது, அச்சடித்த பிறகுதான் பார்த்தேன். இன்னொன்று அடித்துத் தருகிறேன் என்றார் அந்தப் பெண். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா பார்த்திருந்தால் புரூஃப் பார்க்காமல் அடித்தாயா என்று கேட்டிருப்பார்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்

பி.கு.: இரண்டு வாரம் கழித்து ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு மறுபடி டிக்கெட் எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை ஓட்டல், ரத்து செய்யக்கூடியது.