ஹெர்மிஸோடு போன மற்றக் கப்பல்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து சுழியோடிகளை, கடலடியில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிற இடத்துக்கு ஏற்றிப் போகிறதாக அக்கா சொன்னா. படகில் அவர்களுக்குச் சொல்லும் கதையை நீ குரல் பதிவாக அனுப்பியதையும் கேட்டேன். நல்லாய்ச் சொல்கிறாய். ஆனால் அதில் வம்பயர் இல்லை, மகன். அதுதான் மனசுக்குக் கேட்கவில்லை.

1942 ஏப்ரல் 9 அன்று நம்முடைய கடலில் ஹெர்மிஸ் தனியே தாழவில்லை. காவலுக்குக் கூடவே வந்தது அவுஸ்திரேலியக் கடற்படையின் நாசகாரிக் கப்பல் வம்பயர். 1917இல் இங்கிலாந்தில் கடலில் இறக்கிய கிழட்டுக் கப்பல். மத்தியதரைக் கடலில் அதுவும் கூட ஓடிய பழைய கப்பல்களுமாக ஐந்தையும் ஜெர்மன் பிரசாரம் பழைய இரும்பு என்று ஏளனம் பண்ணியது. மாலுமிகள் அந்தப் பெயரையே பெருமையாகச் சூடிக்கொண்டார்கள்.

1941 டிசம்பர் 10, மலாயாவின் குவாந்தனுக்கு அப்பால் யப்பான் விமானங்கள் பிரின்ஸ் ஒப் வேல்ஸ், ரிப்பள்ஸ் என்ற இரண்டு பெருங்கப்பல்களையும் மூழ்கடித்தபோது வம்பயர் அங்கே நின்றது. எண்ணெய் படிந்த தண்ணீரிலிருந்து ரிப்பள்ஸ் ஆட்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை இழுத்து ஏற்றியது. அந்தச் சின்னக் கப்பலின் தளத்தில் அத்தனை பேர் எப்படித்தான் நின்றார்களோ! அடுத்த மாதம் மலாயாவின் எண்டாவுக்கு அப்பால் ஒரு இரவுச் சண்டை. கூடப் போன தானெற் என்ற நாசகாரி மூழ்கியது, வம்பயர் தப்பி வந்தது.

பிறகு நம்முடைய பக்கம். திருகோணமலைக்குத் தாக்குதல் வருகிறதென்று ஏப்ரல் 8ஆம் தேதி ஹெர்மிஸ், வம்பயர் இரண்டையும் துறைமுகத்திலிருந்து தெற்கே அனுப்பினார்கள். மறுநாள் திரும்பி வரும் வழியில், மட்டக்களப்புக்கு அப்பால், யப்பான் விமானங்கள் பிடித்துக்கொண்டன. ஹெர்மிஸ் விமானந்தாங்கி என்றாலும் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. இருபது நிமிடமளவில் அது முடிந்தது. அதில் செத்தவர்கள் 307 பேர். அதன்பிறகு குண்டுகள் எல்லாம் வம்பயர் மேல். அது இரண்டாக உடைந்து போனது. கப்டன் மோரனும் அதோடு போனார்.

வம்பயரில் செத்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. கதையில் அது விடுபட்டுப்போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் நாலு மாதத்துக்கு முன் பிறத்தியாரைத் தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்த அதே கப்பலின் ஆட்கள், அன்று நம்முடைய கரையைப் பார்த்தபடி தாங்களே மிதந்தார்கள். அவர்களையும் ஹெர்மிஸ்காரரையும் வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் வந்து ஏற்றியது, ஏறக்குறைய அறுநூறு பேர்.

அடுத்தமுறை ஹெர்மிஸுக்கு மேலே நங்கூரம் போட்டதும் இதையும் சொல்லு. அவுஸ்திரேலியாவிலிருந்து யாரும் வந்தால் கட்டாயம் சொல்லு. பிறகு கட்டிய இன்னொரு வம்பயர் சிட்னியில் நூதனசாலையாக நிற்கிறது, அதில் ஏறிப் பார்த்தவர்களாயும் இருப்பார்கள். மோரனின் பெயரை விட்டுவிடாதே.

அன்புடன்,
மாமா