மாசி, பங்குனியில் நாகைக்கு வருவோருக்கு ஒரு நாட்காட்டி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாகப்பட்டினத்துக்கு எந்த மாதத்தில் வரலாம் என்று வெளியூரில் இருக்கும் உறவினர்களும் கடல் கடந்து குடியேறிவிட்ட நண்பர்களும் கேட்கும்போது, மாசியிலும் பங்குனி முற்பாதியிலும் வாருங்கள் என்று இவ்வூர்க்காரர்கள் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். அம்மாதங்களின் கோயில் விழாக்களைப் பார்க்க எந்தத் தேதிக்குப் பயணச்சீட்டு எடுக்கலாம் என்று அவர்கள் அடுத்துக் கேட்டால்தான் திணறுகிறோம். பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம், கோயில் அலுவலகத்துக்கு ஆள் அனுப்புகிறோம், விழாப் பத்திரிகை அடித்து வரட்டும் சொல்கிறோம் என்று அங்கே சொல்கிறார்கள், அதற்குள் ரயிலில் இடம் தீர்ந்துவிடுகிறது. இந்த இரண்டாவது கேள்விக்கு அரசு விடை தர வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாளேடுகளின் சுற்றுலாப் பக்கங்களில் இந்தக் கடற்கரை பெரும்பாலும் மூன்று காலங்களில்தான் இடம் பெறுகிறது: வேளாங்கண்ணித் திருவிழா நடைபெறும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான நாட்கள், கிறிஸ்துமஸ் விடுமுறை, மே மாதப் பள்ளி விடுமுறை. வேளாங்கண்ணிக்கு வருபவர்கள் வேண்டுதலுக்காக வருகிறார்கள்; அவர்களுக்குக் காலத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊர் பார்க்க விரும்புகிறவர்களை டிசம்பரில் இங்கே வரச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. டெல்டாவின் கடைமடையில் இருக்கும் இம்மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அப்போதுதான் பெய்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். தவிர, டிசம்பர் 26 இங்கே துக்க நாள். 2004-ம் ஆண்டு ஆழிப்பேரலையில் இம்மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; ஒவ்வோர் ஆண்டும் அன்று கடற்கரைக்குப் பூவும் பாலுமாகப் போகிறவர்களுக்கு நடுவே விடுமுறைக் கும்பலாகப் போய் நிற்பதற்கு வருகிறவர்களுக்கே மனம் வராது. மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை, கத்திரி வெயில் ஒன்று போதும்.

மாசி பிறந்ததும் நிலைமை அடியோடு மாறிவிடும். சம்பா அறுவடை ஏறக்குறைய முடிந்திருக்கும். நெற்பயிரின் ஊடே விதைத்த உளுந்தும் பயறும் அறுத்த நெல்லின் அடித்தாளுக்கு மேலே தலை நீட்டிப் படர்ந்திருப்பதால், கீழ்வேளூரிலிருந்து நாகை வரும் சாலையின் இருபுறமும் வயல்கள் மறுபடி பச்சை கட்டிக் கிடக்கும். பங்குனியில் அவற்றைப் பறிக்கப் பெண்கள் விடியற்காலையிலேயே வயலில் இறங்கிவிடுவார்கள், வெயில் ஏறினால் நெற்று வெடித்துச் சிதறிவிடும் என்பதால். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனி விலகிய பிறகு முற்பகல் வரை நடக்கலாம், பிற்பகலில் கடற்காற்று வந்துவிடும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காவிரியில் இரு கரை தொட்டு நீர் ஓடுவதைக் காணும் ஆசையோடு யாரும் இந்த மாதங்களில் வர வேண்டாம். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். இடைப்பட்ட காலத்தில் கிளை ஆறுகளில் மணலும் நாணலும்தான் இருக்கும். அதே போல, மீனுக்காக வருகிறவர்கள் ஏப்ரல் 14-க்குள் வந்துவிடுவது நல்லது. மறுநாளிலிருந்து ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்நாட்களில் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடக்க, நாட்டுப் படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்குக் கொடுக்கிற விலைதான் விலை.

வருகிறவர்கள் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையே பேருந்து மாறும் இடமாக மட்டும் நாகையை நினைப்பது எனக்குப் பல காலமாக உள்ள வருத்தம். இது சோழர்களின் துறைமுகம். ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் பெயரால் இங்கே எழுந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு, முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடும் அறக்கொடையாக, அளித்தான். அந்தக் கொடையை அவன் மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வழியாக நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றுவிட்ட சாசனம் அது. விகாரத்தின் எச்சமாகக் கருதப்பட்ட மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று 19-ம் நூற்றாண்டு வரை நின்றிருந்தது. கடலில் வரும் மாலுமிகளுக்கு அடையாளமாக இருந்த அதை ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றனர், ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். 1867-ல் அரசின் அனுமதியோடு அது இடிக்கப்பட்டது. 1856 தொடங்கி ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் வெளிப்பாளையம் உள்ளிட்ட இடங்களில் மண்ணுக்கடியிலிருந்து சுமார் 350 புத்தப் படிமங்கள் கிடைத்தன. அவற்றில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, மற்றவை உலகெங்கும் சிதறிவிட்டன. ஆகவே சென்னை வழியாக வருகிறவர்களுக்கு என் யோசனை, முதலில் எழும்பூரில் அந்த வெண்கலங்களைப் பார்த்துவிட்டுப் பிறகு இரவு ரயில் ஏறுங்கள் என்பதே. அதைப் பார்க்காமல் நேரே இங்கு வந்தால், வெளிப்பாளையத்தில் வெறும் தெருக்களைத்தான் பார்த்துவிட்டுப் போவீர்கள்.

கண்ணுக்குத் தெரியும்படி ஊரில் நிற்பவையும் குறைவில்லை. தேவார மூவரும் பாடிய நாகைக்காரோணம் என்ற சிவன் கோயில், இங்கே நீலாயதாட்சி அம்மன் கோயில் என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். சிவன் தியாகராசராக வீற்றிருந்து ஆடும் ஏழு விடங்கத் தலங்களில் ஒன்றான அங்கே அவர் ஆடுவது கடல் அலையின் நடனம். மீனவக் குலத்தில் பிறந்த அதிபத்த நாயனார் வலை வீசியதும் இந்தக் கடலில்தான். சில தெருக்கள் தள்ளி, 108 திவ்யதேசங்களில் ஒன்றான சௌந்தரராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து நகரைப் பிடித்த ஒல்லாந்தர், 1690-ல் தங்கள் சோழமண்டலக் கரைத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றி, 1781-ல் ஆங்கிலேயரிடம் இழக்கும் வரை ஆண்டார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் அந்நாட்டு எழுத்துகளோடு கற்கள் இன்னும் இருக்கின்றன. மாலையில் நாகூர் தர்காவுக்குப் போய், தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டித் தந்த 131 அடி உயரப் பெரிய மினாராவின் கீழே நின்றுவிட்டு, கடைத்தெருவில் அரிசி மாவுக்குள் வெங்காயமும் தேங்காயும் வைத்து மேலே ஓர் இறாலைப் பதித்துப் பொரித்துத் தரும் வாடாவை வாங்கிச் சூடு ஆறுமுன் தின்று பார்த்தால்தான் அந்த நாள் நிறைவு பெறும். பொட்டலம் கட்டி விடுதிக்கு எடுத்துப் போனால் வீண்.

மறுநாளை வடக்கே 35 கி.மீ. தொலைவிலுள்ள தரங்கம்பாடிக்கு ஒதுக்கலாம். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர்கள் 1620-ல் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை, ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், கடல் பாதிக்கு மேல் விழுங்கிவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் ஆகிய மூன்றும் நடந்தே பார்த்துவிடும் தூரத்தில் உள்ளன. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அம்மன் கோயிலுக்கும் தர்காவுக்கும் உகந்த நாள் என்று வெள்ளியைத் தேர்ந்து வருகிற குடும்பங்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதைக் கண்டிருக்கிறேன். வியாழனன்று வந்து சனியன்று தரங்கம்பாடி போனால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. ஆனால் வருமுன் அவர்களுக்கு யார் சொல்வது?

விழாக்களுக்கு வருகிறேன், என் கோரிக்கையின் சாரம் இதில்தான் இருக்கிறது. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள், நாகூருக்கு வடக்கே காரைக்கால் எல்லைக்குள் இருக்கும் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக, அதாவது கடலில் நீராட, எழுந்தருளுகிறார். அவருடைய தேவியான பத்மினித் தாயார் மீனவர் வீட்டுப் பெண் என்பது ஐதிகம். அதனால் பட்டினச்சேரி மீனவர்கள் பெருமாளை “மாப்பிள்ளை” என்று கூவி வரவேற்றுத் தோளில் சுமந்து மணலில் இறங்குவார்கள். அந்தக் குரலில் பக்தியைவிட உறவு முறைதான் கூடுதலாகக் கேட்கும். அதற்கடுத்தது திருவாரூர் ஆழித்தேர். அலங்காரத்தோடு 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உள்ள அத்தேருக்கு இப்போது திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் இருந்தாலும், முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கண்ணும் கையும் இன்றி அது நகராது. நேர் வீதியில் ஓடுவதைவிட வீதி முனையில் திரும்புவதைப் பார்ப்பதே விசேஷம். முனையில் இடம் பிடிக்க விரும்புகிறவர்கள் முதல் நாளே திருவாரூர் போய்விட வேண்டும். நாகையிலிருந்து 25 கி.மீ.தான் என்று காலையில் கிளம்பினால் நகர எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இவற்றின் தேதிகள் நட்சத்திரத்தையும் திதியையும் பற்றி நிற்பவை. மாசி மகம் 2023-ல் மார்ச் 6, 2024-ல் பிப்ரவரி 24, 2025-ல் மார்ச் 12 என்று வந்தது. ஆழித்தேர் அதே ஆண்டுகளில் ஏப்ரல் 1, மார்ச் 21, ஏப்ரல் 7 ஆகிய நாட்களில் ஓடியது. பங்குனி ஆயில்யத்தில் ஓடுவதே மரபு என்றாலும், வைகாசி வரை தள்ளிப்போன ஆண்டுகளும் உண்டு. ஆகவே பஞ்சாங்கத்தை மட்டும் நம்பிச் சீட்டு எடுக்க முடியாது. ஈஸ்டர் ஏப்ரல் 9, மார்ச் 31, ஏப்ரல் 20 என்று மாறியது. அதற்கு முந்தைய வாரத்தில் வேளாங்கண்ணியில் அறை கிடைப்பது அரிது, அதன் நெரிசல் நாகை விடுதிகள் வரை எட்டும். நாகூர் தர்காவின் கந்தூரி விழா பிறைக் கணக்குப்படி ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே போகும். இப்போது அது மழைக்காலத்தில் வருகிறது, மாசிப் பயணத்தோடு சேராது. இவ்வளவையும் உள்ளூர்க்காரர்கள் வாய்வழியாக அறிந்துகொள்கிறோம். சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கிறவருக்கு அந்த வசதி இல்லை.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சென்னையிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் வழியாகக் காரைக்கால் செல்லும் இரவு ரயிலில் விழாக்கால இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். பிப்ரவரி இறுதியில் வரும் மாசி மகத்துக்கு டிசம்பர் இறுதிக்குள் பதிவு செய்தாக வேண்டும். கோயில் பத்திரிகையோ விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் கைக்கு வருகிறது. எனவே நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்ட நிர்வாகங்களும் காரைக்கால் நிர்வாகமும் சேர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை முடிவதற்குள், வரவிருக்கும் மாசி, பங்குனி மாதங்களுக்கு ஒரே நாட்காட்டியை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விழாத் தேதிகள், கோட்டையும் அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும் நாட்கள், கோயில் நடை சாத்தும் நேரங்கள், தேரோட்டத்தன்று பேருந்துகள் மாறிச் செல்லும் வழி, கோடியக்கரையில் வலசைப் பறவைகள் பெருமளவில் தங்கியிருக்கும் வாரங்கள் ஆகியவை அதில் இருந்தால் போதும். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது என்பதால் தங்கள் வேலை அல்ல என்று இரு தரப்பும் ஒதுங்குவதற்கு இடம் உண்டு. பெருமாள் ஒரு மாநிலத்திலிருந்து புறப்பட்டு இன்னொன்றில் நீராடித் திரும்புவதில் மட்டும் இதுவரை ஒரு தடையும் ஏற்படவில்லை.

மார்ச் மாதம் பொதுத்தேர்வுக் காலமாயிற்றே, குடும்பத்தோடு யார் வருவார்கள் என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பிள்ளைகள் படிக்கும் வீடுகளுக்கு இந்தப் பயணம் அந்த ஆண்டு ஆகாது. ஆனால் ஓய்வு பெற்றவர்கள், வேலை தொடங்கிய இளைஞர்கள், தாய்நாட்டுக்கு விடுப்பில் வருகிறவர்கள், கல்வெட்டும் வரலாறும் தேடி வருகிறவர்கள் என்று பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்கள் எண்ணிக்கை சிறிதல்ல. அவர்கள் கோடையில் வந்து வெயிலுக்கு அஞ்சி அறைக்குள் கிடப்பதைவிட மாசியில் வந்து இரண்டு இரவு தங்கினால், கடைத்தெருவுக்கும் ஆட்டோ ஓட்டுபவர்களுக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் தடைக்காலத்துக்கு முந்தைய வாரங்களில் நாலு காசு கிடைக்கும்.

தங்கள் நாளிதழும் இதில் உதவ முடியும். நிர்வாகங்கள் நாட்காட்டியை வெளியிடும் வரை, மார்கழி முதல் வாரத்தில் ஒரு நாள் டெல்டா பதிப்பில் கால் பக்கம் ஒதுக்கி இத்தேதிகளைத் திரட்டி அச்சிடுமாறு வேண்டுகிறேன். கோயில் அலுவலகங்கள் எங்களைப் போன்ற தனியாட்களுக்குச் சொல்லத் தயங்கும் தேதியைத் தங்கள் செய்தியாளர் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
வெளிப்பாளையம், நாகப்பட்டினம்.