பன்னிரண்டாம் வசனத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டச் சபைகளின் போதகர்களுக்கும் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர் ஐயாமாருக்கும் சபைப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை நெருங்குகிறது. புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனத்தை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கிற வாக்குத்தத்த அட்டைக்கு அச்சகத்தில் சொல்வதற்கு முன் இதை வாசிக்க வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த அட்டையில் வேதாகமத்தின் 85-ஆம் சங்கீதத்திலிருந்து பன்னிரண்டாம் வசனம் இருந்தது. "கர்த்தர் நன்மையானதைத் தருவார், நம்முடைய தேசமும் தன் பலனைக் கொடுக்கும்." சந்தோஷமாக நிலைப்படிக்கு மேல் ஒட்டினோம். காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா ரக மாமரங்கள். அந்தக் கோடையில் கிணறு வற்றிவிட்டது. டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றியும் இருபது மரம் பட்டுப்போனது. ஜெபிக்கச் சொல்லி ஊழியர் ஒருவரிடம் போனோம். "வசனம் பொய்யாகாது, உங்கள் விசுவாசத்தில்தான் குறை" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என் மனைவி ஆலயத்துக்கு வரவில்லை.

அப்புறம்தான் அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து வாசித்தேன். மொத்தம் 13 வசனம். "கர்த்தாவே, உமது தேசத்தின்மேல் பிரியம் வைத்து, யாக்கோபின் சிறையிருப்பைத் திருப்பினீர்" என்று தொடங்குகிறது. பிரியம் முதலில் மண்ணின்மேல்தான் வைக்கப்படுகிறது. மானாவாரியை நம்பிப் பிழைக்கிற நமக்கு இது எவ்வளவு நெருக்கமான சொல்! பாவத்தை மூடினீர், கோபத்தைவிட்டுத் திரும்பினீர் என்று மூன்று வசனம் நன்றி சொல்லிவிட்டு, நான்காம் வசனத்தில் அதே வாய் "எங்களைத் திருப்பிக்கொண்டுவாரும்" என்று கெஞ்சுகிறது. "என்றைக்கும் எங்கள்மேல் கோபமாயிருப்பீரோ?" என்று கேட்கிறது. திருப்பினீர், திரும்பினீர், திருப்பிக்கொண்டுவாரும், திரும்ப உயிர்ப்பிக்கமாட்டீரோ, திரும்பாதிருப்பார்களாக என்று எட்டாம் வசனம் வரை அதே சொல் வந்துகொண்டிருக்கிறது. மூலமொழியான எபிரெயத்திலும் இந்த ஐந்து இடங்களில் ஒரே வேர்ச்சொல்தான் வருகிறது.

பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டு, பிறகு ஊர் திரும்பிய யூத ஜனங்களின் பாட்டு இது என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். பெர்சியாவின் கோரேஸ் ராஜா கி.மு. 538-இல் விடுதலை கொடுத்தார், ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். ஆனால் நிலம் கைகொடுக்கவில்லை. "நீங்கள் திரளாய் விதைத்தும் கொஞ்சமாய் அறுத்துக்கொண்டுவருகிறீர்கள்" என்று அந்தக் காலத்து ஆகாய் தீர்க்கதரிசி எழுதிவைத்திருக்கிறார். தேவன் தயவு காட்டிய பிறகும் வயல் காய்ந்தது. அந்த ஜனங்கள் அதைத் தேவனிடமே கேட்டார்கள். கேட்டதை விசுவாசக் குறைவு என்று யாரும் தள்ளவில்லை, ஆலயத்தில் பாடக் கொடுத்தார்கள். இதைப் புரிந்துகொண்ட அன்று தோப்பில் உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலன் பன்னிரண்டாம் வசனத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னால் "கிருபையும் சத்தியமும் ஒன்றையொன்று சந்திக்கும்", "சத்தியம் பூமியிலிருந்து முளைக்கும்" என்று இருக்கிறது. மண்ணிலிருந்து முதலில் முளைப்பது சத்தியம். நம் சபைகளில் மாங்காய் விளைவிக்கிறவரும் இருக்கிறார், மண்டி வைத்து எடை போடுகிறவரும் இருக்கிறார், பறிகூலிக்கு வருகிறவரும் இருக்கிறார். விலை விழுந்த வருஷத்தில் இந்த மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இந்த வசனங்களைக் கேட்க வேண்டாமா? எடையில் நேர்மையும் கூலியில் நியாயமும் பேசாமல் பலனை மட்டும் அட்டையில் அச்சடித்தால், சங்கீதத்தில் பாதியை மறைத்ததாகும்.

பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு ஊர் வருவார்கள். சிலர் வெறுங்கையோடு வருவார்கள், தேவன் செய்த நன்மையைச் சபையில் சாட்சியாகச் சொல்ல எழுந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் இந்தச் சங்கீதத்தில் இடம் இருக்கிறது.

ஆகவே ஐயா, அந்த இரவில் 13 வசனங்களையும் முழுதாக வாசியுங்கள். ஏழாம் வசனம் முடிந்ததும் கீபோர்டு வேண்டாம், ஒரு நிமிஷம் அமைதியாக விடுங்கள். அட்டை அடிப்பதானால் ஆறாம் வசனத்தையும் சேர்த்து அடியுங்கள்: "உமது ஜனங்கள் உம்மில் மகிழ்ந்திருக்கும்படி நீர் எங்களைத் திரும்ப உயிர்ப்பிக்கமாட்டீரோ?"

வாசிக்க ஆள் தேவைப்பட்டால் என் மனைவி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
காவேரிப்பட்டணம் பக்கத்து மா விவசாயி