ஒரே ஆற்றங்கரை, இரண்டு ஓவியங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்துக் கல்வெட்டாங்குழிகளையும் அங்கிருந்து கல் ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகளையும் பற்றித் தங்கள் நாளிதழில் வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். தூசி, சுவர் விரிசல், கிணறு வற்றுதல், சாலை விபத்து எல்லாம் அக்கடிதங்களில் வந்துவிட்டன. நேற்றுவரை தெரிந்த மலை இன்று தெரியவில்லை என்பதை மட்டும் யாரும் குறையாக எழுதிப் பார்த்ததில்லை. எழுதினால் சிரிப்பார்கள் என்ற கூச்சம் காரணமாக இருக்கலாம். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தக் கூச்சம் இல்லை.

அமெரிக்காவில் ‘ஹட்சன் ஆற்று ஓவியர்கள்’ என்று ஒரு மரபு உண்டு. இங்கிலாந்தில் பிறந்து, 1818இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்ற தாமஸ் கோல், 1825இல் ஹட்சன் ஆற்றின் வழியே சென்று கேட்ஸ்கில் மலைகளை வரைந்ததிலிருந்து அது தொடங்குகிறது. பெயரைச் சூட்டியவர்கள் ஏளனமாகத்தான் சூட்டினார்கள் என்பது வேறு கதை. நான் சொல்ல வந்தது கோலின் இரண்டு ஓவியங்களைப் பற்றி. 1837இல் அவர் முடித்த முதல் ஓவியத்தில், கேட்ஸ்கில் ஓடையின் கரையில் மரங்கள் அடர்ந்து நிற்க, ஒரு தாயும் குழந்தையும் இருக்கிறார்கள், பின்னால் நீலமலை. 1843இல் அதே இடத்தை மீண்டும் வரைந்தார். முன்னால் நின்ற மரங்கள் வெறும் அடிக்கட்டைகளாகிவிட்டன. கோடரியோடு ஒருவன் நிற்கிறான். சற்றுத் தொலைவில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்குச் சிறிய ரயில் ஒன்று புகைவிட்டபடி ஓடையைக் கடக்கிறது. மலை மட்டும் அப்படியே இருக்கிறது. நம் ஊரில் அந்த மலையும் மிஞ்சுவதில்லை.

கோலின் மாணவர் ஃபிரடெரிக் சர்ச், ஹட்சன் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் குன்றின்மேல் ‘ஒலானா’ என்ற வீட்டைக் கட்டி, அங்கிருந்து தெரிந்த ஆற்றையும் மலையையும் பலமுறை வரைந்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், 1970களில், அதன் எதிர்க்கரைப் பக்கம் ஓர் அணுமின் நிலையம் அமைக்கத் திட்டம் வந்தது. ஒலானாவிலிருந்து தெரியும் காட்சி கெட்டுவிடும் என்பதை முக்கியக் காரணமாகக் காட்டி, அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அலுவலர்களே 1979இல் அனுமதிக்கு எதிராகப் பரிந்துரைத்தார்கள். திட்டமும் கைவிடப்பட்டது. ஒரு காட்சி அரசாங்கக் கோப்பில் இழப்பாகப் பதிவாக முடிந்ததற்கு, அதன் அருமையைச் சொல்லும் ஓவியங்கள் முன்பே இருந்ததும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

நம் பக்கத்து மலைகளையும் வரைந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1792இல் தென்னகத்துக்கு வந்த ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் களக்காட்டுப் பக்கமிருந்து தெரிந்த மலைத்தொடரைக் கன்னியாகுமரி என்ற பெயரிலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் வழிப்போக்கர்கள். பழையாற்றின் கரையில் பிறந்து, தாழக்குடிக்கும் பூதப்பாண்டிக்கும் நடுவே வயல்வரப்பில் நடந்து வளர்ந்த நாம் எத்தனை முறை வரைந்திருக்கிறோம்?

நான் 1991இல் ஒரு கால்வாய்க் கரையில் அமர்ந்து நீர்வண்ணத்தில் வரைந்த தாள் ஒன்று வீட்டில் இருக்கிறது. அறுப்புக்கு நின்ற நெல், இரண்டு பனை, அதன் பின்னே யானை படுத்தது போல ஒரு குன்று. சென்ற மாதம் அதே இடத்தில் அமர்ந்து மறுபடி வரைந்தேன். யானையின் தலையைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெட்டுச்சுவர் நிற்கிறது. வயலில் மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள்.

குவாரிக்கு அனுமதி கேட்டு நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் தூசிக்கும் அதிர்வுக்கும் அளவு கேட்பதைப் போல, எந்த ஊரிலிருந்து எந்த மலை தெரியாமல் போகும் என்பதையும் விண்ணப்பதாரர் படத்தோடு காட்ட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் விதிக்க வேண்டும். பள்ளி ஓவிய ஆசிரியர்களும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது வயல்வெளிக்கு அழைத்துச் சென்று, எதிரில் தெரியும் மலையை வரையச் செய்து, தேதியிட்டுப் பாதுகாக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு என் இரண்டு தாள்களையும் நான் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.