தம்பி நடக்கத் தொடங்கிவிட்டான்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். 14 மாதமாகியும் உங்கள் பேரன் தம்பி ஏன் நடக்கவில்லை என்று தொலைபேசியில் கேட்டபோது உங்கள் குரலில் இருந்த கவலை எனக்குத் தெரிந்தது. அதனால் வைத்தியர் சொன்னதை விரிவாகவே எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006 இல் வெளியிட்ட அளவின்படி, துணையின்றி நடப்பது ஏறத்தாழ 8 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் எப்போதும் நிகழலாம்; தவழாமலே நடக்கிற பிள்ளைகளும் உண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்கிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டுகிறானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே அவர் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

இப்போது நடக்கிறான், அம்மா! கைகளைத் தோளுயரத்துக்குத் தூக்கி, கால்களை அகட்டி வைத்து, அறைக்கு அறை போகிறான். விழுந்தால் அழாமல், நிலத்தில் இரண்டு கைகளையும் ஊன்றித் தானே எழும்புகிறான்.

அந்த மகிழ்ச்சியில்தான் அவனை முதன்முதலாக மைசூருக்குக் கூட்டிச் சென்றோம். இங்கே ரயிலில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் பயணச்சீட்டு வேண்டியதில்லை. ஆனால் இவன் ராமநகரம் வரைகூட மடியில் இருக்கவில்லை. மத்தூர் வடையின் ஓரத்தை, முதற்பல் முளைத்ததற்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டியபோது இல்லாத மேற்பற்களால் கடித்துத் தின்றான். ஸ்ரீரங்கப்பட்டணத்தருகே காவிரியைக் கடந்தபோது, யாழ்ப்பாணத்தில் மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றைப் பார்த்து வளர்ந்த நான் அவனைவிட அதிகம் எட்டிப் பார்த்தேன்.

1892 இல் தொடங்கிய மிருகக்காட்சிச்சாலையில் ஒட்டகச்சிவிங்கியைக் கண்டதும் விரலை நீட்டினான். நீட்டியபடியே திரும்பி, நாங்களும் பார்க்கிறோமா என்று எங்கள் முகத்தைப் பார்த்தான். தான் கண்டதைப் பிறரோடு பகிர நினைக்கும் இந்தப் பார்வை நடையைப் போலவே முக்கியமானது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்த்தோம், அதற்குள் உறங்கிவிட்டான்.

16 மாதம் முடிந்ததும் சின்னமுத்து (தட்டம்மை) ஊசியின் இரண்டாந் தவணையைப் போட்டுவிட்டு, நல்லூர்த் திருவிழாவுக்குச் சென்னை வழியாக வருகிறோம். அதற்குமுன் கிணற்றடிக்கு ஒரு படலை போடும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். கிணற்றுக் கட்டு தாழ்வு. இவன் இப்போது எதையும் பிடித்து ஏறப் பார்க்கிறான்.

அன்பு மகள்