நிமிர்த்தினால் அணைகிறது, படுக்கவைத்தால் ஓடுகிறது: உத்தரவாதக் கணினி பற்றிய புகார்

அனுப்புநர்:
பக்க வடிவமைப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா,

தங்கள் பம்பலப்பிட்டிக் கிளையில் வாங்கிய மேசைக்கணினி, தங்கள் ஆட்களே பாகங்களைப் பொருத்திக் கொடுத்தது, ஓராண்டு உத்தரவாதம் முடியும் முன்பே ஓட மறுக்கிறது. பழுதானதற்காக மட்டும் இதை எழுதவில்லை. இயந்திரம் என்றால் பழுதாகத்தான் செய்யும். பழுது என்னவென்று பார்க்காமலே 'வீட்டு மின்சாரம் சரியில்லை' என்று வேலைச்சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டு, பரிசோதனைக் கட்டணமாக 2,500 ரூபாவையும் வாங்கிக்கொண்டு, உத்தரவாதம் செல்லாது என்று என்னைத் திருப்பி அனுப்பினார்களே, அதற்காகவே எழுதுகிறேன்.

கூடுதல் ரேம் (தற்காலிக நினைவகம்) போடுவதற்காகக் கணினியைக் கிளைக்குக் கொண்டுபோய் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் எல்லாம் ஒழுங்காகவே தொடங்கும். வின்டோஸ் வரும், கோப்பு திறக்கும், சில நிமிடங்களில் ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அணைந்துவிடும். நீலத் திரை இல்லை, பீப் ஒலி இல்லை. உடனே மறுபடி அழுத்தினால் வின்டோஸ் சின்னம் தெரிவதற்குள்ளேயே நின்றுவிடும். அரை மணி நேரம் விட்டுவிட்டுப் போட்டால் பழையபடி சில நிமிடங்கள் ஓடும். இந்த ஒழுங்கைத்தான் தங்கள் கிளையில் முதலில் சொன்னேன். ஆறவிட்டால் நீடிக்கிறது, ஆறாவிட்டால் உடனே நிற்கிறது என்றால் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது கணினி திருத்துகிறவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வரவேற்பு மேசையில் இருந்த தம்பி அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கோபம் மிகையாகத் தோன்றும். திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை, இவற்றைவிட அதிகமாக முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களை அச்சுக்குத் தயார்செய்து கொடுக்கிறேன். கல்யாண அட்டை இரண்டு நாள் பிந்தினால் மன்னிப்பார்கள். நினைவு மலருக்கு அந்தச் சலுகை கிடையாது. முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு நாள் தள்ளிப்போட முடியாது. கனடாவிலிருந்து மகன் அனுப்பிய படங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வம்சாவளி, தேவாரம், பேரப்பிள்ளைகளின் இரங்கல் எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டு பக்கம் அடுக்கிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப்போனால் அந்த வீட்டாருக்கு நான் என்ன பதில் சொல்வது? கடைசியில் கொட்டாஞ்சேனையில் நண்பர் ஒருவருடைய அச்சகத்தில் இரவிரவாக இருந்து முடித்துக்கொடுத்தேன்.

தங்கள் ஆட்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். தொலைபேசியில் பேசியவர் வின்டோஸைப் புதிதாகப் போடச் சொன்னார். வின்டோஸில் கோளாறு என்றால் வின்டோஸ் இல்லாதபோது கணினி அணையக் கூடாது. எனவே தொடங்கும்போதே டிலீட் விசையை அழுத்தி, வின்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய், எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கும் அணைந்தது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கிளையில் இருந்தவர், நடப்பதையெல்லாம் வின்டோஸ் குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவைத் திறந்து, 'கேர்னல் பவர் 41' என்ற வரியைக் காட்டி, இதோ மின்சாரப் பிரச்சினை என்றார். அந்தப் பதிவு, முறைப்படி மூடப்படாமல் கணினி நின்றுபோனால் அடுத்த முறை தொடங்கும்போது எழுதப்படுவது. காரணம் எதுவாக இருந்தாலும் எழுதப்படும். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாலும், பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் இதே 41தான் வரும். அதை வைத்துக்கொண்டு என் வீட்டு மின்சாரத்தின் மீது தீர்ப்பு எழுத முடியாது.

வீட்டு மின்சாரத்தையும் நான் சோதிக்காமல் விடவில்லை. இந்த நாட்டில் வருவது 230 வோல்ட். சுவர் மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க, தாங்கள் பொருத்திய பவர் சப்ளையின் அட்டைப்பெட்டியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறது. மின்னழுத்தம் சற்று இறங்கினாலும் அது தாங்க வேண்டும். அதே பிளக்கில் என் பழைய கணினியும் லேசர் அச்சுப்பொறியும் நாள் முழுக்க ஓடுகின்றன. மின்கலம் உள்ள யூபிஎஸ் வழியாகக் கொடுத்துப் பார்த்தேன். அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டு அவருடைய வீட்டிலும் போட்டுப் பார்த்தேன். எங்கும் ஒரே கதை. இத்தனையும் சொன்ன பிறகு, புதிய பவர் சப்ளை வாங்கினால் சரியாகிவிடும் என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். பவர் சப்ளை பழுதானாலும் கணினி அணையும் என்பது உண்மைதான். ஆனால் அதை மாற்றச் சொல்லுமுன் வேறொன்றைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். போட்டுப் பார்த்ததாக வேலைச்சீட்டில் ஒரு சொல்லும் இல்லை.

பயோஸில் நான் கண்டதுதான் முக்கியம். உள்ளே போன உடனே, கணினியின் மூளையான புரோசசரின் வெப்பநிலை 68 பாகை செல்சியஸ் என்று காட்டியது. ஒரு வேலையும் செய்யாத கணினிக்கு அதுவே அதிகம். எண் நிற்காமல் ஏறியது. 80ஐத் தாண்டும்போது விசிறி முழு வேகத்தில் இரையத் தொடங்கியது. 90, 95, 99. அதன் பின் திரையில் ஒன்றும் இல்லை. இந்த வகை புரோசசர்களுக்கு வரம்பு 100 பாகை அளவில் இருக்கிறது. வரம்பை எட்டும்போது வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அதற்கும் அடங்காவிட்டால் எரிந்துபோகாமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆக, இந்தக் கணினி பழுதினால் அணையவில்லை, பிழைத்திருப்பதற்காக அணைகிறது. வெள்ளவத்தையின் மின்சாரம் எப்படிப்பட்டதாக இருந்தாலும் புரோசசரை 99 பாகைக்குக் கொண்டுபோகாது.

விசிறி சுற்றுகிறது, தூசியும் இல்லை, பிறகு ஏன் இந்தச் சூடு? பெட்டியின் பக்கக் கண்ணாடிக்குத் தாங்கள் தனியாக விலை போட்டிருந்தீர்கள். அப்போது வீண்செலவு என்று நினைத்தேன், இப்போது அதற்காக நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. கைமின்விளக்கை அதன் வழியே அடித்துப் பார்த்தேன். புரோசசரின் மேல் இருந்து சூட்டை இறக்கும், விசிறியோடு கூடிய உலோகக் கூலர் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் மதர்போர்டில், அதாவது பாகங்களைத் தாங்கும் பலகையில், பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் சிறிய அம்புக்குறி. மூன்று தலைகள் ஒரே மட்டத்தில் பதிந்திருக்கின்றன. ரேமுக்குப் பக்கத்தில், மேல் மூலையில் உள்ள நான்காவது மட்டும் ஒரு நெல்மணி உயரத்துக்குக் கிளம்பி நிற்கிறது. அந்த மூலையில் கூலர் முழுவதுமே புரோசசரை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. உலோகம் புரோசசரோடு ஒட்டியிருந்தால்தான், சூட்டைக் கடத்த இடையில் பூசும் தேர்மல் பேஸ்ட்டுக்கும் வேலை இருக்கும். விலகிவிட்டால் விசிறி எவ்வளவு சுற்றினாலும் சூடு இறங்காது.

அப்படியானால் கிளையில் ஏன் அணையவில்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். 'நான்கு மணி நேரம் ஓடியது, குறை எதுவும் இல்லை' என்று வேலைச்சீட்டில் இருக்கிறது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. எடுக்கப் போனபோது கணினி தங்கள் வேலைமேசையில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. படுத்திருக்கும்போது கூலரின் பாரமே அதைப் புரோசசரின் மேல் அழுத்துகிறது. நிமிர்த்தி வைத்தால் அதே பாரம் அதை முன்னால் இழுக்கிறது, பிடிமானம் இல்லாத மேல் மூலை விலகுகிறது. வீட்டுக்கு வந்ததும் நானும் தரையில் படுக்கவைத்துப் போட்டேன். பயோஸில் எண் 50ஐ ஒட்டியே நின்றது, மாலைவரை ஓடியது. நிமிர்த்தினேன், சில நிமிடங்களில் அணைந்தது. வாடிக்கையாளர் எப்படி வைத்துப் பயன்படுத்துகிறாரோ அப்படி வைத்துச் சோதிப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

அந்த ஊசி யாருடைய கை பட்டுக் கிளம்பியது என்று நான் பெயர் சொல்ல முடியாது. ஆனால் பெட்டியைத் திறந்தவர்கள் தாங்கள் மட்டுமே. தங்கள் முத்திரை ஸ்டிக்கர் இன்னும் கிழியாமல் இருக்கிறது. ஊசியை நானே அழுத்திவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஸ்டிக்கர் கிழிந்தது என்ற ஒரே காரணத்தை வைத்து எஞ்சிய உத்தரவாதத்தையும் தாங்கள் கைகழுவுவீர்கள் என்பதால் தொடாமல் வைத்திருக்கிறேன்.

கூலரைக் கழற்றி, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பூசி, நான்கு ஊசிகளும் பிடித்திருப்பதை மதர்போர்டின் பின்பக்கத்திலும் பார்த்துப் பொருத்தித் தர வேண்டும், உத்தரவாதத்தின் கீழ், கட்டணமின்றி. ஊசி உடைந்திருந்தால் கூலரையே மாற்ற வேண்டும். பிறகு கணினியை நிமிர்த்தி வைத்து, வெறுமனே அல்லாமல் பாரமான வேலை கொடுத்து ஓடவிட்டு, வெப்பநிலையை எழுத்தில் தர வேண்டும். இவ்வளவு சூட்டில் மீண்டும் மீண்டும் நின்ற புரோசசரும் மதர்போர்டும் நலமாக இருக்கின்றனவா என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். வாங்கிய 2,500 ரூபாவைத் திருப்பித் தர வேண்டும். 'வீட்டு மின்சாரம்' என்ற குறிப்பை வேலைச்சீட்டிலிருந்தும் தங்கள் பதிவிலிருந்தும் நீக்க வேண்டும். நாளை வேறொரு பாகம் பழுதானால் அந்தக் குறிப்பைத்தான் மறுபடி தூக்கிக் காட்டுவீர்கள்.

கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தக் கடிதம் கிடைத்து பதினான்கு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அங்கே போவேன். போகாமல் முடிந்தால் எனக்கும் நல்லது, அடுத்த மலருக்கான எழுத்துப்பிரதி மேசையில் காத்திருக்கிறது.

கணினியை எடுத்துச்செல்ல ஆள் அனுப்புவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள். நான் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் பெரும்பாலும் வேலை செய்யாது. வண்டியில் நிமிர்த்தி வைக்காமல், கண்ணாடி மேலே இருக்கும்படி படுக்கவைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு, வேலைச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளும், பயோஸ் திரையின் படமும், கண்ணாடி வழியே எடுத்த ஊசியின் படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் பம்பலப்பிட்டிக் கிளையின் வாடிக்கையாளர்